தேன் எங்கே மருந்தாகும்?

2020 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தின் முற்பகுதியிலே, கேகாலைக்கு அண்மையிலுள்ள ஹெட்டிமுல்ல என்னும் சிற்றூரை நோக்கி மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். கொரோனாத் தொற்றின் காரணமாகக் கூட்டம் கூடுதல் தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. இருந்தும் தூர இடங்களிலிருந்தெல்லாம் ஆயிரக்கணக்கானோர் வந்து வரிசையிலே நின்றனர். அவர்கள் பெற வந்தது ஒரு போத்தல் பாணி. தேனும் சாதிக்காயும் சேர்ந்தது அது. அதன் செய்முறையைக் காளி தேவியே தமக்கு அருளினாள் என்று அதனை ஆக்கியவர் கூறினார். அருந்தியவரை அந்நோய் ஆயுள் முழுவதும் அணுகாது என்றும் சொல்லப்பட்டது. அரசியல் தலைவர்கள் சிலர் பலர் அறிய அதனை அருந்தினர். அப்போது சுகாதார அமைச்சராக விளங்கிய, இரத்தினபுரி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் பவித்ரா வன்னியாராச்சியும் அவர்களுள் ஒருவர். அடுத்த மாதமே, அதாவது 2021 ஜனவரியில், அவருக்கு அந்நோய் தொற்றியது. தீவிர சிகிச்சைப் பிரிவிலே வைத்துப் பராமரிக்கப்பட்டு, நல்லகாலமாக அவர் குணமடைந்தார்.

இக்கதையைக் கேட்டு நகைப்பது எளிது. ஆயினும், அவ்வரிசையில் நின்றவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்கிவிட எமக்கு மனம் வரவில்லை. தேனுக்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் உண்டென்பதை அவர்கள் தம் பாட்டிமாரிடம் கேட்டறிந்தவர்கள். அப்பாட்டிமார் சொன்னதும் பொய்யன்று. இன்றைய ஆய்வுகூடத்திலே நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துப் பார்த்தாலும் அது மெய்யே. பிழை வேறோரிடத்தில் நேர்ந்தது. ஒரு பொருள் கிருமியைக் கொல்லும் என்பது ஒன்று. அதனை விழுங்கினால் உடம்பினுள்ளே ஒளிந்திருக்கும் எந்தக் கிருமியையும் தேடிச் சென்று கொல்லும் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் உண்டு என்பதை அறிந்துகொள்வது, சேறும் அட்டையும் மழையும் நிறைந்த சபரகமுவைத் தோட்டங்களில் வாழும் நம்மவர்க்குச் சில வேளைகளில் உயிர்ப்பிரச்சினையாகவே ஆகிவிடுகிறது.

தேனிலே கிடந்த இறைச்சி

தேனின் ஆற்றலை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள் என்பதைவிட, வேடர்கள் கண்டுபிடித்ததை விஞ்ஞானிகள் விளக்கினார்கள் என்பதே பொருந்தும். 1660 ஆம் ஆண்டிலே கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகளை இந்நாட்டிலே கழித்துத் தப்பிச் சென்ற ஆங்கில மாலுமி றொபேர்ட் நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட தமது நூலிலே வேடர்களின் வழக்கம் ஒன்றைக் குறித்துள்ளார். அவர்கள் மரம் ஒன்றைக் குடைந்து, அக்குழியிலே தேனை வார்த்து, அதனுள் இறைச்சியை இட்டு நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்களாம். வேட்டை கிடைக்காத காலத்திலே திறந்து உண்பார்களாம். நமது வெப்ப நாட்டிலே மாலையில் வாங்கிய இறைச்சி மறுநாட் காலையில் என்ன நிலையில் இருக்கும் என்பதைக் குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டார் அறிவர். அவ்வாறிருக்க, இறைச்சியைக் கெடுக்கும் கிருமிகளை ஒரு மரப்பொந்துத் தேன் தடுத்து நிறுத்தியது என்றால், அஃது எத்தகைய பொருள் என்று எண்ணிப் பாருங்கள்.

நொக்ஸ் இந்நாட்டுத் தேனீக்களையும் இனம்பிரித்து எழுதியிருக்கிறார். அவர் கண்டவை இன்றும் இங்கே உள்ளன. மரப்பொந்திலும் கல்லிடுக்கிலும் அடுக்கடுக்காக அடைகட்டும் சாதுவான தேனீயைத்தான் நாம் பெட்டிகளிலே வளர்க்கிறோம். உயர்ந்த மரக்கிளையிலும் பாறை முகட்டிலும் ஒற்றைப் பேரடையைத் தொங்கவிடும் மலைத்தேனீயைச் சிங்கள மக்கள் 'பம்பரா' என்பர். நம் தோட்டத்துப் பெண்களுக்கு அது தேன் தரும் உயிராக அறிமுகமாவதில்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போது பருந்தோ பெருங்காற்றோ அடையைக் கலைத்துவிட, மலை முழுவதும் துரத்தித் துரத்திக் கொட்டும் 'குளவி'யாகவே அதனை அவர்கள் அறிவர். அதன் கொட்டினால் உயிரிழந்தோரும் உண்டு. இவற்றோடு, கொசுவளவேயான கொட்டாத் தேனீயும் இருக்கிறது. சுவர்த் துவாரத்தில் அது சேர்த்துவைக்கும் சிறிதளவு புளிப்புத் தேனை நாட்டு வைத்தியர்கள் பெரிதும் மதிப்பர்.

பிற நாட்டாரும் தேனை அறிந்திருந்தனர். எகிப்திலே ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அறுவை மருத்துவ ஏடு ஒன்று, காயத்துக்குத் தேனும் கொழுப்பும் நாரும் வைத்துக் கட்டச் சொல்கிறது. பாரதத்தின் சுசுருத சங்கிதை புண்ணுக்குத் தேனையும் நெய்யையும் விதிக்கிறது. எங்கள் சித்த மருத்துவத்திலோ தேன் பெரும்பாலும் அனுபானமாக, அதாவது மருந்தைக் கூட்டிச்செல்லும் துணையாக, இடம் பெறுகிறது. திரிகடுகச் சூரணத்தைத் தேனிற் குழைத்துக் கொடுப்பது யாவரும் அறிந்ததே. இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. எகிப்தியரும் சுசுருதரும் தேனைக் கிருமிக்கு எதிராகப் பயன்படுத்திய இடம் புண்ணின் மேற்புறம். உள்ளே கொடுத்தபோது அது மருந்துக்குத் துணையாயிற்று. பழையோர் வகுத்த அந்த எல்லைக்கோடு தற்செயலானதன்று என்பதைத் தேனின் இரசாயனம் காட்டுகிறது.

தேனீயின் களஞ்சியம்

பூவிலிருந்து தேனீ உறிஞ்சி வரும் மதுவிலே பெரும்பகுதி தண்ணீரே. அதனை அப்படியே வைத்தால் விரைவில் புளித்துவிடும். ஆகவே கூட்டிலுள்ள தேனீக்கள் அத்துளியை வாய்க்கு வாய் மாற்றியும், மெல்லிய படலமாக விரித்தும், இராப்பகலாகச் சிறகால் விசிறியும் நீரை ஆவியாக்கிவிடுகின்றன. நன்கு முதிர்ந்த தேனிலே நூற்றுக்கு இருபது பங்குக்கும் குறைவாகவே நீர் இருக்கும். எஞ்சியதிற் பெரும்பாலானது சீனி வகைகள். இத்துணைச் செறிந்த பாகிலே ஒரு பற்றீரியா விழுமாயின், அதன் சிற்றுடலிலுள்ள நீரைத் தேன் உறிஞ்சிக்கொள்கிறது. உப்பிட்ட கருவாடு கெடாதிருப்பதும் இதே காரணத்தினாலேயே.

இனிப்பினால் மறைக்கப்படுவதால் தேனின் புளிப்பை நாம் உணர்வதில்லை. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவுகோலிலே தேனின் சராசரிப் பெறுமானம் 3.9 ஆகும். ஏறக்குறையத் தோடம்பழச் சாற்றின் புளிப்பு என்று கொள்ளலாம். புண்ணிலே சீழ் பிடிக்கச் செய்யும் பற்றீரியாக்கள் 7 ஐ அண்டிய நடுநிலையிலே செழிப்பவை. இப்புளிப்பு அவற்றுக்கு ஒவ்வாது.

இவ்விரண்டும் மட்டும் போதுமென்றால், சீனிப்பாகிலே தேசிக்காய் பிழிந்தால் அதுவே தேனாகிவிடும் அன்றோ? அப்படி ஆகாததற்குக் காரணம் மூன்றாவதொரு படைக்கலம். ஆய்வாளர் அதை உணர்ந்தார்கள்; ஆனால் அஃது இன்னதென்று நெடுங்காலம் அறியார். 1937 இல் ஜேர்மனிய ஆராய்ச்சியாளர் அதற்கு 'இன்கிபின்' என்று ஒரு பெயரை மட்டும் சூட்டிவைத்தனர். 1960 களின் தொடக்கத்திலே அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த ஜொனதன் வைட்டும் அவர்தம் கூட்டாளிகளும் மறைப்பை நீக்கினர். அப்பொருள் வேறொன்றுமன்று, வைத்தியசாலையில் புண் கழுவ ஊற்றும்போது நுரைத்துப் பொங்குமே, அந்த ஐதரசன் பேரொட்சைட்டுத்தான்!

தேனுக்குள் அஃது எவ்வாறு வந்தது? தேனீயின் தலையிலுள்ள சுரப்பியொன்று ஒரு நொதியத்தைச் சுரந்து மதுவிலே கலக்கிறது. நீரும் ஒட்சிசனும் கிடைக்கும்போது அந்நொதியம் குளுக்கோசைப் பிடித்து, ஒருபுறம் அமிலத்தையும் மறுபுறம் பேரொட்சைட்டையும் ஆக்குகிறது. தேனின் புளிப்புக்குக் காரணமும் பெரும்பாலும் இதுவே. முதிர்ந்து மூடப்பட்ட தேனிலே நீர் போதாமையால் நொதியம் உறங்குகிறது. தேனை நீர் கசியும் புண்ணின்மேல் இட்டதும், புண்நீர் தேனை நெகிழ்விக்க, உறங்கிய நொதியம் விழித்தெழுகிறது. அதன்பின் பேரொட்சைட்டு சிறிது சிறிதாக ஊறிக்கொண்டேயிருக்கும். அதன் செறிவு, மருந்துக்கடையில் விற்கும் நூற்றுக்கு மூன்று பங்குக் கரைசலில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே. ஆதலால் கிருமிக்கு அது பகையாக இருந்தும், புதிதாக முளைக்கும் தசையைப் பெரிதும் சுடுவதில்லை. தன் குஞ்சுகளுக்கென்று வைத்த உணவைக் காக்கத் தேனீ செய்த ஏற்பாடு, மனிதனின் புண்ணுக்கும் உதவுகிறது.

இதிலிருந்து இல்லத்தரசிகளுக்குப் பயன்படும் செய்தி ஒன்று பிறக்கிறது. அந்நொதியம் வெப்பத்தைத் தாங்காது, ஒளியிலும் நலியும். அடுப்பிலே காய்ச்சிய தேனிலும், வெயிலில் வைத்த கண்ணாடிப் போத்தல் தேனிலும் இனிப்பு இருக்கும், படைக்கலம் மழுங்கியிருக்கும். கித்துள் பாணியும் தேனும் நிறத்தாலும் சுவையாலும் அண்ணன் தம்பி போன்றவை. ஆயினும் பாணி என்பது பதநீரைக் காய்ச்சி வற்றவைத்தது. தேனீயின் நொதியம் அதனை ஒருபோதும் தீண்டியதில்லை. அப்பத்துக்கும் தயிருக்கும் பாணி உயர்ந்ததே. புண்ணுக்கு அது தேனாகாது.

எல்லாத் தேனுக்கும் ஒரே வலிமை இல்லை என்பதையும் கூறவேண்டும். நியூசிலாந்தின் மனூக்காச் செடித் தேனில் பேரொட்சைட்டை நீக்கிய பின்னும் கிருமிக்கொல்லித் தன்மை எஞ்சி நின்று ஆய்வாளரை மலைக்கவைத்தது. அதற்குக் காரணம் மெதைல்கிளையொட்சால் என்னும் பொருள் என்று 2008 இல் தெரியவந்தது. தேனீயே தன் உடலிற் சுரக்கும் ஒரு புரதமும் தேனிலே கிருமிகளோடு பொருகிறது என்று 2010 இல் ஒல்லாந்து நாட்டார் கண்டனர். பலமுனைத் தாக்குதல் என்பார்களே, அதுதான் இது. ஒரே முனையில் தாக்கும் மருந்துக்குக் கிருமிகள் பழகிக்கொள்கின்றன. இவ்வாறு மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களே நேர்க் காரணமாக 2019 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாட்டி வைத்தியம் என்று மூலையிற் கிடந்த தேன்குடத்தை விஞ்ஞானிகள் மீண்டும் தூசு தட்டி எடுத்ததற்கு இதுவே காரணம்.

சோலாப்பூரில் ஒரு சோதனை

ஆய்வுகூடத் தட்டிலே வெல்வது வேறு. நோயாளியின் உடம்பிலே வெல்வது வேறு. மகாராட்டிரத்தின் சோலாப்பூரிலுள்ள மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அறுவை வைத்தியர் மு. சுப்பிரமணியம் 1991 இல் பிரித்தானிய அறுவை மருத்துவ சஞ்சிகையிலே ஒரு கட்டுரை வெளியிட்டார். தீக்காயம் பட்ட 104 பேரை இரு பிரிவாக்கி, 52 பேருக்குத் தேனும், மற்ற 52 பேருக்கு வைத்தியசாலைகளில் வழக்கமாகப் பூசும் வெள்ளி கலந்த களிம்பும் இட்டார். ஏழு நாட்களுக்குள் தேன் இட்ட பிரிவிலே கிருமியுற்றிருந்த புண்களில் நூற்றுக்கு 91 பங்கு கிருமி நீங்கித் தூய்மையாயின. களிம்பு இட்ட பிரிவிலே அது நூற்றுக்கு 7 மட்டுமே.

வியக்கத்தக்க வேறுபாடுதான். ஆயினும் ஒருவரது சோதனையை மட்டும் வைத்து முடிவு கட்டுவது முறையன்று. உலகெங்கும் நடந்த இத்தகைய சோதனைகளைத் திரட்டி நிறுத்துப் பார்க்கும் கொக்ரேன் அமைப்பு 2015 இல் வெளியிட்ட மதிப்பீடு சற்று நிதானமானது. ஆழமில்லாத தீக்காயங்கள் வழக்கமான கட்டுகளைவிடத் தேனினால் நாலைந்து நாட்கள் முன்னதாக ஆறுகின்றன. அறுவைக்குப் பின் கிருமியுற்ற காயங்களுக்கும் தேன் நன்மை செய்கிறது. ஆனால் காலில் நாளம் வீங்கி உண்டாகும் நாட்பட்ட புண்ணுக்கு அதனால் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. எமக்கு இந்த மதிப்பீட்டிலேதான் நம்பிக்கை அதிகம். எல்லாவற்றையும் ஆற்றும் என்று சொல்லாமல், இதனை ஆற்றும், அதனை ஆற்றாது என்று அது பிரித்துச் சொல்கிறது.

2007 இல் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் தேன் தோய்த்த புண்கட்டை அனுமதித்தது. ஆனால் அக்கட்டிலுள்ள தேன் கடைப் போத்தலிலிருந்து ஊற்றப்பட்டதன்று. நொதியம் கெடாதவாறு, காமாக் கதிர் பாய்ச்சித் தூய்மையாக்கியது. கதிர் ஏன் பாய்ச்சவேண்டும் என்பதற்கு விடை கைக்குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது வரும்.

வெனிவெல்லும் கறுவாவும்

தேனைப் போலவே இம்மண்ணின் மூலிகைகளையும் வெறுங்கதை என்று தள்ளிவிட முடியாது. சிங்கராஜ வனத்தையும் அதனை அடுத்த ஈரவலயக் காடுகளையும் சுற்றிப் படரும் ஒரு பெருங்கொடி உண்டு. தமிழிலே மரமஞ்சள் என்றும், சிங்களத்திலே வெனிவெல் என்றும் அதற்குப் பெயர். தண்டை வெட்டினால் உள்ளே மஞ்சட் பொன்னாகத் தெரியும். காய்ச்சலோ தடிமனோ வந்தால் அதன் துண்டைக் கொத்தமல்லி, இஞ்சி, கண்டங்கத்தரி, பற்படாகம் ஆகியவற்றோடு சேர்த்து அவித்துக் குடிப்பது இத்தீவில் இனபேதமின்றி நிலவும் வழக்கம். அம்மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பேர்பெரின் என்னும் காரப்பொருள் பற்றீரியாக்களை எதிர்க்க வல்லது.

ஆனால் தனித்து நின்றால் பேர்பெரினுக்கு வலிமை குறைவு. பற்றீரியா தன் உடலினுள் புகுந்த பேர்பெரினை, தோணிக்குள் வந்த நீரை இறைப்பதுபோல் வெளியே இறைத்துவிடுகிறது. பேர்பெரின் கொண்ட வேறொரு செடியை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகள் 2000 ஆம் ஆண்டிலே அழகியதோர் உண்மையைக் கண்டனர். அச்செடி பேர்பெரினோடு இன்னொரு பொருளையும் ஆக்கி வைத்திருந்தது. அவ்விரண்டாம் பொருள் தானாக எக்கிருமியையும் கொல்வதில்லை. அந்த இறைக்கும் பொறியை மட்டும் அடைத்துவிடுகிறது! பல சரக்குகளைச் சேர்த்தே மருந்து செய்த நம் முன்னோரின் வழக்கத்தில் இத்தகைய நுட்பம் எங்கேனும் ஒளிந்திருக்கலாம். ஒளிந்திருக்கிறது என்று சோதியாமல் சொல்வதற்கில்லை. இளம் மாணவர்களுக்கு இங்கே நிறைய வேலை காத்திருக்கிறது. வெனிவெல்லோ அளவின்றி வெட்டப்பட்டுக் காட்டிலே அருகி வருகிறது.

கறுவாப் பட்டையின் மணத்துக்குக் காரணமான சினமல்டிகைட்டும், கராம்பின் காரத்துக்குக் காரணமான யூஜினோலும் பற்றீரியாக்களையும் பூஞ்சணங்களையும் அடக்குவன. பல் வைத்தியர் பல்லோட்டையை அடைக்கக் குழைக்கும் சாந்திலே யூஜினோல் உண்டு. கேகாலைக் குன்றுகளிற் காய்க்கும் கராம்பின் மணத்தை அவர் அறைக்குள் நுழைந்ததும் முகரலாம். இங்கும் அவை வேலை செய்யும் இடம் பல்லும் வாயும் தோலும் போன்ற, மருந்து நேரே தொடக்கூடிய இடங்களே.

மூலிகை உடம்பினுள்ளே சென்று கிருமியை வென்றதற்கும் ஓர் உதாரணம் உண்டு. சீனத்து விஞ்ஞானி து யூயூ அம்மையார் பழைய மருத்துவ ஏடுகளைப் படித்து, மலேரியாவுக்குச் சொல்லப்பட்ட ஒரு செடியைக் காய்ச்சாமல் தண்ணீரிலே ஊறவைத்துப் பிழியும்படி ஓரேட்டில் எழுதியிருப்பதைக் கண்டார். வெப்பம் மருந்தைக் கெடுக்கிறது என்பதை அதனால் ஊகித்து, குறைந்த வெப்பத்திலே சாரத்தைப் பிரித்தெடுத்தார். ஆட்டிமிசினின் கிடைத்தது, 2015 இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் ஏட்டிலிருந்து குளிசைக்கு வந்து சேர, எத்தனையோ செடிகளைச் சோதித்துத் தள்ளவும், சரியான அளவைக் காணவும், நோயாளிக்குக் கொடுக்குமுன் தம் உடம்பிலேயே மருந்தை ஏற்றுப் பார்க்கவும் வேண்டியிருந்தது. போத்தலை நிரப்பி வரிசையில் நின்றவர்களுக்கு வழங்கியதற்கும் இதற்கும் உள்ள தொலைவு அதுவே.

வாயினுள் சென்ற பின்

ஒரு கரண்டித் தேனை விழுங்கினால் என்ன நிகழ்கிறது? இரைப்பைச் சாறு அதனைக் கரைக்கிறது. நொதியம் மற்றெந்தப் புரதத்தையும் போலச் செரிக்கப்படுகிறது. குளுக்கோசும் பிரற்றோசும் குடலினால் உறிஞ்சப்பட்டு இரத்தத்திலே கலக்கின்றன. சிறிது பேரொட்சைட்டு பிறந்தாலும் நம் இழையங்களிலும் இரத்தத்திலும் உள்ள வேறொரு நொதியம் அதனை உடனே நீராகவும் ஒட்சிசனாகவும் சிதைத்துவிடும். ஆகவே நுரையீரலிலே பெருகும் வைரசை அந்தக் கரண்டித் தேன் சென்று சந்திப்பதேயில்லை. அங்கே சேர்வது சீனி மட்டுமே. நீரிழிவுக்காரர் அதனையும் கணக்கிற் கொள்ளவேண்டும். இருமலுக்குத் தேன் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுக்கலாம், ஒரு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அது இருமலைத் தணிக்கிறது என்பதை 2020 இல் ஒக்ஸ்போர்ட்டு ஆய்வாளரும் திரட்டிக் காட்டியுள்ளனர். ஆனால் அது தொண்டையைத் தணிக்கும் வேலை. நோயை வேரறுக்கும் வேலையன்று.

இந்த வேறுபாடு இரத்தினபுரிக்கு ஏன் மிக முக்கியமானது என்றால், இம்மாவட்டத்தைத் தொடர்ந்து வாட்டும் நோயொன்று இருக்கிறது. அது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரோடு வெளிப்படும் கிருமி வயற்சேற்றிலும் வாய்க்காலிலும் மாணிக்கக் குழியின் நீரிலும் தங்கி, காலிலோ கையிலோ உள்ள சிறு கீறல் வழியாக உடம்பினுட் புகுகிறது. 2008 இல் இலங்கை முழுவதிலும் 7,000 க்கு மேற்பட்டோர் இந்நோயினால் பீடிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. இரத்தினபுரி ஆண்டுதோறும் முன்வரிசையில் நிற்கும் மாவட்டங்களுள் ஒன்று. கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் தசைகளிலே தாங்கொணா நோவு, கண் சிவத்தல் என்று அது தொடங்கும். சாதாரணக் காய்ச்சல்தானே என்று மல்லியும் வெனிவெல்லும் அவித்துக் குடித்து நாலு நாள் லயத்திலேயே படுத்திருந்தால், அந்த நாலு நாளில் கிருமி சிறுநீரகத்தையும் ஈரலையும் நுரையீரலையும் தாக்கிவிடக்கூடும். தொடக்கத்திலேயே வைத்தியசாலைக்குச் சென்றால் பெனிசிலினுக்கும் டொக்சிசைக்கிளினுக்கும் அது அடங்கும். சேற்றில் இறங்குவோருக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முன்காப்பாக டொக்சிசைக்கிளின் குளிசை வழங்குவதும் உண்டு. கஷாயம் குடிக்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. குடித்துவிட்டுக் காத்திருக்கவேண்டாம் என்கிறோம்.

ஏற்பு நோயின் கதையும் இத்தகையதே. கவ்வாத்துக் கத்தியோ பால்வெட்டுக் கத்தியோ பட்ட காயத்துக்கு, ஏற்பு வராதிருக்க வெனிவெல் அவித்துக் குடிப்பது பழைய வழக்கம். ஏற்பைத் தடுப்பது தடுப்பூசி. காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடுநீரிற் கழுவி, சுத்தமான துணியால் மூடி, தோட்டத்து மருந்தகத்துக்குப் போவதே முதற் காரியம். தேன் எதுவாயினும் அதற்குப் பின்னரே.

இனிக் கைக்குழந்தைகள். பிறந்த குழந்தையின் நாவிலே தேன் தொட்டு வைக்கும் சேனை வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக மறையவில்லை. ஆசி கூறும் அன்பினாற் செய்வதுதான், ஆனால் செய்யலாகாது. தேனிலே பற்றீரியா வாழாது என்றோம். வாழாது என்பது உண்மை. உறங்கும் என்பதும் உண்மை. சில பற்றீரியாக்கள் கடினமான உறைக்குள் ஒடுங்கி வித்தியாகித் தேனிலே காலங்கழிக்கும். பெரியவர்களின் குடலிலே அவ்வித்திகள் முளைக்க இடமில்லை. பச்சிளங் குழந்தையின் குடலிலோ முளைத்து நஞ்சு சுரந்து, பாலுறிஞ்சவும் அழவும் மூச்சுவிடவும் இயலாதவாறு தசைகளைத் தளர்த்திவிடும். பொட்டுலிசம் என்னும் இந்நோய் குழந்தைகளிலே வருவதை 1976 இல் கலிபோர்னியாவில் அறிந்தனர். ஒரு வயது நிறையும்வரை ஒரு துளித் தேனும் கூடாது என்று வைத்தியர்கள் கூறுவது இதனாலேயே. புண்கட்டுத் தேனுக்குக் கதிர் பாய்ச்சுவதும் இவ்வித்திகளை அழிப்பதற்கே.

இறப்பர் தோட்டத்துத் தேன்

'நல்ல தேன் எங்கே கிடைக்கும்?' என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். தண்ணீரிலே விட்டுப் பார்த்தல், தீக்குச்சியைத் தோய்த்துப் பற்றவைத்தல், எறும்பு மொய்க்கிறதா என்று பார்த்தல் முதலிய வீட்டுச் சோதனைகளை நம்பவேண்டாம். நன்கு செய்த சீனிப்பாகு இவற்றுட் பலவற்றிலே தேறிவிடும். ஈரலிப்பு மிகுந்த நம் பகுதியின் அசல் தேனோ, நீர் சற்று அதிகமானதால் சிலவற்றிலே தவறிவிடும். அத்தேன் நாட்பட நுரைத்துப் புளிப்பதைக் கண்டு கலப்படம் என்று ஐயுறுவோரும் உளர். அடை முழுவதும் மெழுகால் மூடப்படுமுன் அவசரப்பட்டு எடுத்த தேன் அது, வேறு குற்றமில்லை. கறந்த பாலைக் கறப்பவரிடம் வாங்குவதுபோல், தேனையும் பெட்டி வைத்திருப்பவரிடம் கண்முன்னே எடுக்கச் சொல்லி வாங்குவதே உத்தமம்.

பெட்டி வைப்பதற்குச் சபரகமுவையின் இறப்பர்க் காடு ஏற்ற இடம். இறப்பர் மரத்தின் பூவிலன்று, இலையிலே தேன் ஊறும் என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். ஆண்டின் தொடக்கத்திலே இலையுதிர்ந்து மரங்கள் மொட்டையாகி, பின்னர் செந்தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு கூடும் இடத்திலுள்ள சின்னஞ்சிறு சுரப்பிகளிலே மது துளிர்க்கிறது. கேரளத்திலே பெருமளவு தேன் இவ்வகையிலேதான் எடுக்கப்படுகிறது. தளிர்விடும் அந்த வாரங்களிலே மரத்தின் பால் வரத்துக் குறையும். பால்வெட்டுத் தொழிலாளியின் வருமானமும் குறையும். அப்போதுதான் தேனீக்கு அறுவடைக் காலம். லயத்தின் பின்புறத்து நிழலிலே, எறும்பு ஏறாதவாறு கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்திய ஒரு பெட்டி இருந்தால், மார்ச்சு மாதத்திலே சில போத்தல் தேனை அந்த வீட்டார் தங்கள் கையாலேயே எடுக்கலாம். காய்ச்சாமல், வெயில் காட்டாமல்.